காங்கிரி முதல் ஹீட் பம்ப் வரை: வடக்கே குளிர் காய்ந்த கதை

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் போனால் போதும். தில்லிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம்மூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எந்த ஹீட்டர் சார் வாங்கலாம்? எது கரண்ட் கம்மியா இழுக்கும்?" ஊரிலிருந்து அம்மா அப்பா பொங்கலுக்கு வருகிறார்கள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றால் கேள்வியில் கொஞ்சம் பதற்றமும் சேர்ந்துகொள்ளும்.

கடைக்காரரைக் கேட்டால் எது ஸ்டாக்கில் அதிகம் இருக்கிறதோ அதுதான் சிறந்தது என்பார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கேட்டால் ரஜாய் இருக்கும்போது ஹீட்டர் எதற்கு என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். குளிருக்கு என்ன செய்வது என்பதை இந்த நாட்டின் வடக்குப் பகுதி பல நூற்றாண்டுகளாக யோசித்து வந்திருக்கிறது. இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகள் அந்த யோசனையின் கடைசிப் பக்கங்கள்தான்.

நமக்கும் குளிர் புதிதில்லை

வடக்கே போவதற்கு முன் நம் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடலாம். குளிர் காய்வதற்கு என்று ஏற்றி வைக்கும் தீக்குத் தமிழில் தனிச்சொல்லே இருக்கிறது: கணப்பு. நக்கீரரின் நெடுநல்வாடை முழுக்க முழுக்க ஒரு குளிர்காலப் பாட்டு. மழை விடாத அந்த வாடைக்காலத்தில் இடையர்கள் கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்துக் குளிர் காய்கிறார்கள். நகரத்து மாளிகைகளில் ஜன்னலும் கதவும் சாத்திக் கிடக்கின்றன. கோடையில் வேலை செய்த விசிறி மூலையில் தொங்குகிறது, அதில் சிலந்தி வலை. வாய் அகன்ற 'தடவு' என்னும் தீச்சட்டியில் நெருப்பு கனிகிறது. இன்று தில்லியில் டிசம்பர் மாதம் சீலிங் ஃபேனை அண்ணாந்து பார்த்தால் நக்கீரர் ஞாபகம்தான் வரும் :-)

நீலகிரியில் தோடர்களின் பழைய குடிசையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்தது போன்ற கூரை, மூங்கிலும் பிரம்பும் புல்லும். வாசல் தவழ்ந்துதான் போகவேண்டிய அளவுக்குச் சின்னது. ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு அடுப்பு. வாசல் சின்னதாக இருந்தால் வெளியே போகும் சூடும் குறைவு. இது முதல் பாடம். தீ எவ்வளவு பெரியது என்பதைவிட ஓட்டை எவ்வளவு சின்னது என்பது முக்கியம்.

காங்கிரி: அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது

காஷ்மீரில் டிசம்பர் 21ஆம் தேதி தொடங்கி நாற்பது நாட்களுக்குச் சில்லாய் கலான் என்று பெயர். தால் ஏரியின் ஓரங்கள் உறைந்துபோகும் காலம். அந்த நாட்களில் காஷ்மீரியின் ஆயுதங்கள் இரண்டு. ஒன்று ஃபெரன் என்னும் முழங்கால் வரை தொங்கும் தொளதொள அங்கி. இன்னொன்று அதற்குள்ளே பிடித்துக்கொள்ளும் காங்கிரி. உள்ளே மண் கிண்ணம், வெளியே பிரம்புக் கூடை, மேலே கைப்பிடி. கிண்ணத்தில் கரி. சினார் மரத்திலிருந்து உதிர்ந்த இலையை எரித்துச் செய்த கரியும் உண்டு. சாம்பலைக் கிளறக் கிளறக் கனல் மெல்ல மெல்ல வெளிவரும்.

எங்கள் அலுவலகத்தில் ஸ்ரீநகர்க்காரர் ஒருவர் இருக்கிறார். "நீங்கள் அறையைச் சூடாக்கப் பார்க்கிறீர்கள், நாங்கள் ஆளைச் சூடாக்குகிறோம்" என்பார். எரிபொருள் சிக்கனம் என்பதன் முழுச் சூத்திரமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. கால் கிலோ கரி போட்டால் அதில் இருக்கும் வெப்பம் மின்சாரக் கணக்கில் சுமார் 2 யூனிட். அதை வைத்து ஒரு ஆள் பல மணி நேரம் ஓட்டிவிடுவார். அதே 2 யூனிட் 2,000 வாட் ஹீட்டரில் சரியாக ஒரு மணி நேரம்.

ஆனால் விலை கொடுக்காமல் எதுவும் வரவில்லை. ஸ்ரீநகரில் மிஷன் மருத்துவராக இருந்த எல்ம்ஸ்லி 1866இல் ஒன்றைக் கவனித்து எழுதினார். தொடையிலும் அடிவயிற்றிலும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் காஷ்மீரிகளுக்கு அதிகம் வருகிறது. காரணம், வருடக்கணக்காக அதே இடத்தில் படும் காங்கிரியின் சூடு. மருத்துவப் புத்தகங்களில் காங்கிரிப் புற்றுநோய் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சுடுகிற அளவுக்குச் சூடு இல்லாவிட்டாலும், தினமும் அதே தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

ஹமாம்: தரையை அடுப்பாக்குவது

பாபருக்கு இந்துஸ்தானத்தைப் பற்றி ஒரு பெரிய புகார்ப் பட்டியல் உண்டு. நல்ல குதிரை இல்லை, நல்ல திராட்சை இல்லை என்று போகும் அதில் ஹமாம் இல்லை என்பதும் ஒன்று. ஆக்ராவில் யமுனைக்கரையில் தோட்டம் போட்டபோது முதல் வேலையாகக் குளியல் மண்டபமும் கட்டிக்கொண்டார். வெயில், காற்று, புழுதி மூன்றுக்கும் அதுதான் மருந்து என்பது அவர் கட்சி. அவர் வம்சத்தில் வந்த ஷாஜஹான் 1639இலிருந்து 1648க்குள் கட்டிய தில்லிச் செங்கோட்டையிலும் பளிங்குத் தரையோடு ஒரு ஹமாம் இருக்கிறது.

கீழே தீ, மேலே தரை என்பது ரோமாபுரிக் குளியல் கூடங்களில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இருந்த ஏற்பாடு. கொரியாவில் சமையலறை அடுப்பின் புகையைத் தரைக்கு அடியில் ஓடவிட்டு அடுத்த அறையைச் சூடாக்குவார்கள், அதற்கு ஓண்டோல் என்று பெயர்.

காஷ்மீரில் இந்த ஹமாம் அரண்மனையோடு நிற்கவில்லை. மசூதிக்கும் வசதியான வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. வீட்டில் ஒரு அறை. அதன் தரை கனமான கல் பலகைகள். கல்லுக்கு அடியில் காலியிடம். அதில் வெளிப்பக்கமாக விறகு போட்டு எரிப்பார்கள். புகை தரைக்கு அடியில் சுற்றிப் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். கூடவே பதித்து வைத்திருக்கும் செப்புத் தொட்டியில் வெந்நீர். சாயங்காலம் எரித்தால் கல் இரவெல்லாம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மொத்தக் குடும்பமும் அந்த ஒரே அறையில். சாப்பாடு, படிப்பு, வம்பு, தூக்கம் எல்லாம் அங்கேதான். சமீப வருடங்களில் கட்டும் புது வீடுகளிலும் காஷ்மீரிகள் ஹமாமுக்கு இடம் ஒதுக்குகிறார்கள்.

இதில் மூன்று புத்திசாலித்தனங்கள் இருக்கின்றன. ஒன்று, நெருப்பும் மனிதரும் ஒரே காற்றை மூச்சு விடுவதில்லை. இரண்டு, கல் என்பது சூட்டுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு. மூன்று, சூடு கீழேயிருந்து வருகிறது. சூடான காற்று மேலே போகும் என்பது இயற்கை. ஆகவே கால் சூடாக இருக்கவேண்டுமென்றால் தரையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். நம் ஹீட்டர்கள் பலவற்றில் விட்டத்தில் இருக்கும் பல்லிக்குத்தான் முதல் மரியாதை.

துரைமார்களின் கணப்பும் தகரப் புகாரியும்

ஆங்கிலேயர்கள் 1864இல் சிம்லாவைக் கோடைத் தலைநகராக்கினார்கள். 1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்து, 1931இல் புதுதில்லியைத் திறந்து வைத்தார்கள். அவர்கள் கட்டிய பங்களாக்களில் அறைக்கு அறை சுவரோரம் கணப்பும் மேலே புகைபோக்கியும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் பழைய பங்களாக்களில் நாம் பார்ப்பதும் அதே ஜாதிதான்.

பார்க்க அழகு. சிக்கனம் என்று பார்த்தால் படுமோசம். திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பங்கு புகையோடு புகையாக மேலே போய்விடும். அதோடு விடாமல், அறையில் இருக்கும் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும்.

இந்தக் கோளாறு அவர்களுக்கே தெரிந்ததுதான். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இதைச் சரிசெய்ய 1740களில் இரும்பு அடுப்பு ஒன்றை வடிவமைத்து, 1744இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் போட்டார். கௌண்ட் ரம்ஃபோர்ட் 1790களில் கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தை நெருக்கினார். அதே விறகில் அறைக்குள் வரும் சூடு அதிகமானது, புகையும் குறைந்தது.

மலைநாட்டு மக்கள் கையில் இதற்கு எளிய பதில் ஒன்று இருந்தது. அதுதான் புகாரி. பாரசீகத்தில் ஹீட்டருக்கே அந்தப் பெயர்தான். தகரத்தில் ஒரு உருளை, அதன் தலையிலிருந்து கூரை வழியாக வெளியே போகும் குழாய், அவ்வளவுதான். தீ மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, தகரம் நாலா பக்கமும் சூட்டை வீசுகிறது, மேலே கெட்டில் வைத்தால் டீயும் ஆயிற்று. இமாசலத்திலும் காஷ்மீரிலும் விறகுப் புகாரி, உயரமான ராணுவ முகாம்களில் மண்ணெண்ணெய்ப் புகாரி. குறை என்னவென்றால் தகரத்துக்குச் சேமிக்கத் தெரியாது. தீ அணைந்த கொஞ்ச நேரத்தில் அறையும் அணைந்துவிடும்.

அங்கீட்டி: சத்தமில்லாத எமன்

சமவெளியில் ஏழையின் ஹீட்டர் அங்கீட்டி. நம்மூர்க் குமுட்டி அடுப்பின் ஒன்றுவிட்ட தம்பி. இரும்பு வாளியிலோ மண்சட்டியிலோ கரியைப் போட்டு மூட்டி, வெளியே வைத்துச் சுற்றி உட்காருவார்கள். வெளியே வைத்திருக்கிற வரைக்கும் ஆபத்து இல்லை. ராத்திரி குளிர் தாங்காமல் அதை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும்போதுதான் வினை.

2024 ஜனவரி மத்தியில் தில்லியில் இரண்டு வெவ்வேறு இடங்களில் இப்படிப் படுத்தவர்கள் ஆறு பேர் எழுந்திருக்கவில்லை. அதில் குழந்தைகளும் உண்டு. இது போன்ற செய்தி இல்லாமல் வட இந்தியாவில் ஒரு குளிர்காலமும் கழிவதில்லை. எல்லாம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி.

நடப்பது இதுதான். கரி முழுதாக எரியப் போதுமான ஆக்சிஜன் இல்லாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் நடக்கும் இந்த விஷயத்தைப் பிரெஞ்சு உடலியலாளர் க்ளாட் பெர்னார் 1850களிலேயே சோதனை செய்து விளக்கிவிட்டார். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, செய்தி மட்டும் நம் காவலாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் போய்ச் சேரவில்லை. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம் மாதிரி ஒரு மயக்கம். புகையே வராமல் நன்றாகக் கனிந்த கரி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணை எரிக்கும் புகை இருந்தாலாவது ஆள் எழுந்து வெளியே ஓடுவார். கனிந்த கரி அந்த எச்சரிக்கையைக்கூடக் கொடுப்பதில்லை.

கல்லுக்கு அடியில் நெருப்பை வைத்துப் புகையை வெளியேற்றிய ஹமாமும், குழாய் வைத்த புகாரியும் எவ்வளவு யோசித்துச் செய்தவை என்பது இங்கேதான் புரிகிறது.

கம்பி சிவந்த கதை

மின்சாரம் வந்ததும் புகைப் பிரச்சினை ஒரேயடியாகத் தீர்ந்தது. ஒரு கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் எவ்வளவு சூடு வரும் என்பதை ஜூல் 1841இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் அப்போதிருந்த கம்பிகள் சிவக்கச் சூடானால் காற்றோடு சேர்ந்து துருவேறிப் பொடிந்துவிடும். அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து 1906இல் காப்புரிமை வாங்கிய நிக்ரோம் கம்பிதான் அந்தத் தடையை உடைத்தது. இன்று நம் டோஸ்டர், இஸ்திரிப்பெட்டி, ராடு ஹீட்டர் எல்லாம் அந்தக் கலவையின் வாரிசுகள்.

இப்போது கடைக்காரர் சொல்லும் கதைக்கு வருவோம். ஹாலோஜன் கம்மியா இழுக்கும், ஆயில் ஹீட்டர் சிக்கனம், ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடாக்கும். உண்மை என்ன? கம்பியைச் சூடாக்கும் எந்த ஹீட்டரானாலும் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம்தான். குறையவும் குறையாது, கூடவும் கூடாது. 400 வாட் ஹாலோஜன் குறைவாக இழுக்கிறது என்றால் குறைவாகத்தான் சூடும் தரும். வித்தியாசமெல்லாம் அந்தச் சூடு எப்படி வருகிறது என்பதில்தான்.

ராடும் ஹாலோஜனும் வெயில் போல நேராக ஆள் மேல் அடிக்கும். காங்கிரி ஜாதி. மேஜைக்குக் கீழே ஒருவருக்கு என்றால் அது போதும். ஃபேன் ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். புகாரி ஜாதி. ஆயில் ஹீட்டர் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். ஹமாம் ஜாதி. அதன் எண்ணெய் எரிவதில்லை, சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் இருந்தால் தேவையான சூடு வந்ததும் நின்றுவிடும், சிக்கனம் அதில்தான் வருகிறது. வெளியே கண்ணுக்குச் சிவந்த கம்பி இல்லாததால் குழந்தை இருக்கும் வீட்டுக்கும், ராத்திரி நேரத்துக்கும் அதுதான் நல்லது.

இந்த 100 சதவீதத் திறனுக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. அதாவது எங்கேயோ மூன்று பங்கு சூட்டை உண்டாக்கி, இரண்டு பங்கைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதி ஒரு பங்கைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து மறுபடியும் சூடாகவே மாற்றுகிறோம். துரையின் கணப்பு திரும்பி வந்துவிட்டது, புகைபோக்கி மட்டும் நம் கண்ணில் படாத தூரத்தில்.

ஏற்றம் இறைப்பது போல

இந்த இழப்பை ஈடுகட்டும் வழியை 1852இல் ஒரு இருபத்தெட்டு வயதுக்காரர் காகிதத்தில் எழுதி வைத்தார். வில்லியம் தாம்ஸன், பிற்காலத்தில் லார்டு கெல்வின். வெப்ப நாடுகளில் இருக்கும் ஆங்கிலேயர் வீடுகளை எப்படிக் குளிர்விப்பது என்று ஸ்காட்லாந்து வானியலாளர் பியாஸி ஸ்மித் போன்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்த காலம். தாம்ஸன் அதே இயந்திரத்தைத் திருப்பிப் போட்டால் குளிர்நாட்டு வீட்டைச் சூடாக்கலாமே என்றார். அதுவும் எரிபொருளை நேரடியாக எரிப்பதைவிட மிகக் குறைந்த செலவில்.

இதைப் புரிந்துகொள்ளக் கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஏற்றம் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே கொண்டுவருகிறது. அதே போல ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளியே 7 டிகிரியில் இருக்கும் காற்றிலும் சூடு இருக்கத்தான் செய்கிறது. அதை உறிஞ்சி வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. இறைப்பதற்கு 1 யூனிட் செலவழித்தால் வீட்டுக்குள் வந்து சேருவது 3 யூனிட் சூடு, சில சமயம் அதற்கு மேலும். அனல்மின் நிலையத்தில் தொலைத்ததை அக்கம்பக்கத்துக் காற்றிலிருந்து மீட்டுவிடுகிறோம்.

ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் 1850களிலேயே உப்புக் காய்ச்சும் ஆலையில் இந்தத் தத்துவத்தை ஓட்டிப் பார்த்தார். நிலக்கரி இல்லாத நாடான ஸ்விட்சர்லாந்தில், 1938 வாக்கில் ஜூரிக் நகரசபைக் கட்டடத்தைச் சூடாக்க ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை இறைத்தார்கள். எரிக்க ஒன்றும் இல்லாதவனுக்குத்தான் புத்தி வேலை செய்யும் போலிருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் இதற்குப் பெயர் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசி. கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே இறைக்கும் அதே பெட்டி, குளிர்காலத்தில் திசையை மாற்றிக்கொள்ளும். குளிரூட்ட மட்டும் செய்யும் சாதாரண ஏசியில் இது நடக்காது, கேட்டு வாங்கவேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 2,000 வாட் ஹீட்டர், தினம் 5 மணி நேரம், 60 நாள். 600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,800 ரூபாய். அதே சூடு ஹீட் பம்பில் 200 யூனிட், 1,600 ரூபாய். எப்படியும் கோடைக்கு ஏசி வாங்கப்போகிறீர்கள் என்றால் ஹாட் அண்ட் கோல்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை சில குளிர்காலங்களில் திரும்பி வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் குளிரூட்டும் திறனுக்கானவை. சூடாக்கும் திறனைக் கேட்டலாக்கில் சி.ஓ.பி. என்ற எண்ணில் பாருங்கள். 3க்கு மேல் இருந்தால் நல்லது. வெளியே பூஜ்யத்தை நெருங்கினால் வெளிப்பெட்டியில் உறைபனி பிடித்து இந்தத் திறன் குறையும். தில்லிக்கு அந்தக் கவலை அதிகம் இல்லை, சிம்லாவுக்கு உண்டு.

லடாக்: சூரியனைச் சுவரில் பிடித்தது

எரிப்பதும் வேண்டாம், இறைப்பதும் வேண்டாம் என்று ஒரு வழி இருக்கிறதா? லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகள் மைனஸ் 15, அதற்குக் கீழும் போகும். மரம் அபூர்வம். காலங்காலமாக வரட்டிதான் எரிபொருள். ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை, வருடத்தில் முந்நூறு நாளுக்குக் குறையாமல் அடிக்கும்.

தெற்குப் பார்த்த கனமான சுவர். அதன் வெளிப்பக்கம் கருப்புப் பூச்சு. அதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கண்ணாடி. பகலெல்லாம் வெயில் கண்ணாடி வழியாக நுழைந்து சுவரைச் சூடாக்கும். ராத்திரி சுவர் அதை மெதுவாக வீட்டுக்குள் விடும். அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் 1881இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், ஆனால் எடுபடவில்லை. 1960களில் பிரான்சில் ஃபெலிக்ஸ் ட்ரோம்ப் இதை மறுபடியும் கையில் எடுத்து வீடு கட்டிக் காட்ட, ட்ரோம்ப் சுவர் என்று பெயர் நிலைத்தது.

லடாக்கில் மண் செங்கல் சுவர் ஏற்கனவே இருந்தது. கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. 1983இல் தொடங்கிய லடாக் சூழலியல் மேம்பாட்டுக் குழு இந்தச் சுவர்களைப் பரப்பிய அமைப்புகளில் ஒன்று. 1988இல் தொடங்கிய செக்மோல் மாணவர் இயக்கத்தின் ஃபே வளாகம் முழுவதுமே மண்ணும் வெயிலும் சேர்ந்து சூடாக்கும்படி கட்டப்பட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான சோனம் வாங்சுக் 2021இல் ராணுவ வீரர்களுக்காக வெயிலால் சூடாகும் கூடாரம் ஒன்றை வடிவமைத்துக் காட்டினார். ஹமாமில் கல்லுக்குக் கீழே எரிந்த விறகின் இடத்தில் இங்கே சூரியன். மற்றதெல்லாம் அதே பாடம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

வாடகை வீட்டில் இருப்பவர் சுவரைக் கறுப்படிக்க முடியாது. ஆனால் வீடு பார்க்கும்போதே பாதி ஹீட்டரை முடிவு செய்துவிடலாம். நம்மவர்கள் தெற்குப் பார்த்த வீடு என்றால் முகம் சுளிப்பார்கள். தில்லியில் டிசம்பர் உச்சிவெயில் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தெற்கு ஜன்னல் வழியாக அறையின் பாதி வரை உள்ளே வரும். ஜூன் மாதம் அதே சூரியன் 85 டிகிரியில், ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. ஜன்னல் மேலிருக்கும் சின்ன சஜ்ஜாவே அதைத் தடுத்துவிடும். குளிருக்கு வெயிலும் கோடைக்கு நிழலும் தரும் திசை இங்கே தெற்குதான்.

அடுத்தது ஓட்டைகள். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் உள்ள அறையின் காற்றை மட்டும் 10 டிகிரி ஏற்றுவதற்கு 0.14 யூனிட் போதும். 2,000 வாட் ஹீட்டருக்கு நாலு நிமிட வேலை. ஆனால் ஒரு மணி நேரமாகியும் குளிர் போகவில்லை என்றால் மீதிச் சூடு எங்கே போனது? சுவருக்கும், ஜன்னல் கண்ணாடிக்கும், கதவுக்கு அடியில் இருக்கும் விரல் அளவு இடுக்குக்கும். 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி மட்டும் 10 டிகிரி வித்தியாசத்தில் நூறு வாட்டுக்கு மேல் குடிக்கும். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் உடம்பு தரும் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். கனமான திரை, கதவடியில் துணிச்சுருள், தரையில் தரி. இந்த மூன்றும் எந்த ஹீட்டரையும்விட விலை குறைவு. வெயில் இருக்கும்போது திரையைத் திறந்து, இறங்கியதும் மூடுவது இலவசம்.

அதற்கப்புறம் காஷ்மீர்க்காரர் சொன்னபடி ஆளைச் சூடாக்குவது. ராத்திரிக்கு ரஜாய், அதுவும் போதாதவர்களுக்கு மின்சாரப் போர்வை. நூறு வாட் போர்வை எட்டு மணி நேரம் ஓடினாலும் 1 யூனிட்டை எட்டாது. இந்தக் காலத்துக் காங்கிரி. ஆனால் எல்ம்ஸ்லி சொன்னதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி குறைந்த பெரியவர்களுக்கும், சூடு பட்டால் சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கும் அது வேண்டாம். அவர்களுக்கு அறையைத்தான் சூடாக்கவேண்டும். ஒரே ஒரு அறை, மொத்தக் குடும்பமும் அதில், ஹமாம் போல. நாலு அறைக்கு நாலு ஹீட்டர் வாங்குவதைவிட அந்த ஒரு அறைக்கு ஹாட் அண்ட் கோல்டு. வாங்க வசதி இல்லையென்றால் தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் ஹீட்டர். இருக்கும் ராடே போதும் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 16 ஆம்பியர் பிளக்கும் சரிபாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகாதீர்கள். எரிவாயுவிலோ கரியிலோ எரியும் எதையும், புகைபோக்கி இல்லாமல், மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

கடைசியாக ஒன்று. உங்கள் குடியிருப்பின் வாசலில் ராத்திரி முழுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் கிடைத்த மரக்கட்டையையும் பிளாஸ்டிக்கையும் எரித்துக் குளிர் காய்ந்தால் அந்தப் புகை நம் ஜன்னலுக்குத்தான் வருகிறது. அதே தீயைச் சட்டியில் அள்ளிக்கொண்டு தன் தகரக் கொட்டகைக்குள் அவர் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று. தில்லியில் காற்று மாசு எல்லை மீறும் நாட்களுக்கான விதிகளில், குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் தரவேண்டும் என்றே இருக்கிறது. பல இடங்களில் அது அறிக்கையோடு நிற்கிறது. சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் சண்டைக்கு நடுவே இதை ஒரு வரி சொல்லி, ஒரு ஹீட்டரும் ஒரு ரஜாயும் வாங்கிக் கொடுக்கச் செய்தால், வீட்டுக்கு ஒரு காபிக் காசுகூட ஆகாது. உங்கள் வீட்டு ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.